நாகல் நகரில் காணாமல் போன ஏப்ரல் மாத பில்கள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டால், வேறு ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவைக்கிற ஆள் நான். கணக்கு மென்பொருள் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகும் வேலையில் இந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. யாரைப் பார்த்தாலும் எதையோ அழித்துவிட்டு வந்து நிற்பவர் போலவே தெரிகிறது. என்னைப் போல வேலை விஷயமாகத் திண்டுக்கல் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

போனது 2007 நவம்பரில், ஒரு வியாழக்கிழமை. நாகல் நகரில் ஒரு தானிய மண்டி. அங்கே கணக்கோடு இணைத்து வைத்திருந்த கொள்முதல் பில்களில் ஏப்ரல் மாதத்து பில்கள் மட்டும் திறக்கவில்லை. மே மாதத்திலிருந்து எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. ஒரே ஒரு மாதம் மட்டும் காணோம் என்றால் அது கம்ப்யூட்டர் செய்த வேலை இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று திருச்சியில் பஸ் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

காலை ஏழேகால் பஸ். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் நடத்துநர். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சாலை முழுக்க ஆடுகளும் வேன்களும். பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரிந்துவிடக் கூடாதாம். அவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து நாகல் நகருக்கு ஆட்டோக்காரர் ஐம்பது கேட்டார். முப்பது என்றேன், உடனே சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறாரே, இருபதுதான் நியாயமோ என்று வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கீழே மண்டி, மாடியில் அலுவலகம். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். கணக்கு எழுதுகிறவர் ஸ்டெல்லா. முப்பதைத் தாண்டாத வயது, மூன்று வருடமாக அங்கே வேலை. என்னை மாடிப்படியிலேயே நிறுத்தி முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அவ மச்சான் எதிர்த்த மண்டியில இருக்கான் தம்பி. சனிக்கிழமை ஆடிட்டர் வாராரு. அதுக்குள்ள பில்லு வரலைன்னா அவ வேற எடம் பாத்துக்கிற வேண்டியதுதேன்."

வேறு இடம் எங்கே கிடைக்கும்? பில்லை அழித்தவள் என்று ஒரு கடையில் பெயர் வாங்கிவிட்டால், அந்தத் தெருவில் எந்தக் கடையும் கணக்கைக் கையில் கொடுக்காது. அது ஸ்டெல்லாவுக்கும் தெரிந்திருந்தது. "நான் எதையும் அழிக்கலை சார்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்து போனபோதும் பை கூடவே போனது. இதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த மென்பொருள் பில்லைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஸ்கேன் செய்த பில் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். அது இருக்கும் முகவரியை மட்டும் மென்பொருள் ஞாபகம் வைத்திருக்கும். வீட்டுக் கதவிலக்கம் மாறிவிட்டால் தபால்காரர் ஆள் இல்லை என்று திரும்புவது போல, முகவரி மாறினால் மென்பொருளும் பில் இல்லை என்று சொல்லிவிடும். இங்கே மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். ஏப்ரல் 1, மே 2 என்று வரிசை. திறந்து பார்த்தால் 2 முதல் இருந்தன, 1 இல்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

எண்களுக்கெல்லாம் கீழே, ஆங்கில எழுத்தில் 'லாபம்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. மவுஸை அங்கே கொண்டுபோனேன். பின்னால் நின்ற முதலாளி என் தோளைத் தொட்டார். "அதுல கை வைக்காதீக தம்பி. அது பூசை போட்டது."

அதுவரை ஸ்டெல்லா மேல் இருந்த சந்தேகம் அப்படியே முதலாளி மேல் தாவியது. அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு என்று வைத்திருக்கும் கடைகளை நான் பார்க்காதவனா? நமக்கெதற்கு வம்பு என்று அதை விட்டுவிட்டு, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் கீழே மக்காச்சோள லாரி வந்துவிட, முதலாளி இறங்கிப் போனார். மூட்டை இறக்க இறக்க அவரே எண்ணினார். குரல் மாடிவரை கேட்டது.

"லாபம்... ரெண்டு... மூணு..."

மண்டிகளில் முதல் எண்ணிக்கையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று லாபம் என்றே தொடங்குவார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் அன்றுதான் உறைத்தது. படியிறங்கிப் போய், அந்த ஃபோல்டருக்கு முன்பு என்ன பெயர் இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு இருந்துச்சு. விசயதசமி அன்னைக்குப் புதுசா ஏதாச்சும் எழுதணும்ல? கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்ச கையோட நாந்தேன் மாத்துனேன். மொதக் கணக்க யாராச்சும் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாகளா?"

அவரிடம் அனுமதி வாங்கி, அவரையும் மாடிக்குக் கூட்டி வந்து, பழைய பெயரையே வைத்தேன். ஏப்ரல் பில்கள் அத்தனையும் திறந்தன. முதலாளி திரையைப் பார்த்தார். "நான் ஒண்ணையும் அழிக்கலையே, பேரைத்தான மாத்துனேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூட்டை பார்க்கப் போய்விட்டார். ஸ்டெல்லா பக்கம் திரும்பவே இல்லை.

அவர் போனதும் ஸ்டெல்லா பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிடியை எடுத்துக் காட்டினார். மாதாமாதம் எல்லா பில்லையும் நகல் எடுத்து வைத்திருக்கிறாராம், ஏப்ரலும் அதில் இருக்கிறதாம். இதைக் காலையிலேயே காட்டியிருக்கலாமே என்றேன்.

"கணக்க ஏன் வீட்டுக்குக் கொண்டு போனன்னு கேப்பாக சார். கம்ப்யூட்டர் கெட்டா பழி எம்மேல வரும்னுதான் போட்டு வச்சேன். போட்டு வச்சது தெரிஞ்சாலும் எம்மேலதான் வரும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளி மேல் கோபமும் வந்தது. வேலை முடிந்ததற்கான தாளில், மாதாமாதம் ஒரு நகல் கடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி, மூட்டை இறக்கி முடிந்து முதலாளி மேலே வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். யார் வைத்துக்கொள்வது என்று கேட்டார். கணக்கு எழுதுகிறவர்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீப்பிடிக்கலாம், இடி விழலாம், யாராவது பெயரை மாற்றிவிடலாம் என்றேன். கடைசியாகச் சொன்னது வேலை செய்தது. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டார்.

"ஏத்தா ஸ்டெல்லா, மாசாமாசம் ஒரு சிடி போட்டு வீட்டுல வச்சுக்க."

"சரிங்கய்யா" என்றார் ஸ்டெல்லா, பையைப் பார்க்காமலே.

இனி போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை அந்த வழியாகப் போவதென்றால் ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு முப்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். பில்கள் காணோம் என்றால் அழிந்துவிட்டன என்று பதறாமல், முதலில் ஃபோல்டரின் பெயரும் இடமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விஜயதசமிக்கு எழுத ஆசைப்படும் முதலாளிக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் செய்து கொடுத்துவிடுங்கள், நான் கொடுத்துவிட்டு வந்தேன். நகல் எடுக்கச் சொன்னால் மட்டும் போதாது. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதை, பெயர் சொல்லி, எல்லோர் முன்னாலும் முதலாளி வாயால் சொல்ல வையுங்கள்.

நான் கிளம்பும்போது மணி நாலு. சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினால் ஸ்டெல்லா இடத்தில் இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். பை நாற்காலியிலேயே கிடந்தது.