முடிக்கக் கூடாத வீடு

என் கணவர் பினாங்கில் அரசாங்கக் கட்டட இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, யுத்தம் வந்துவிட்டது. நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறை, குண்டு விழுந்த அன்று கீழே இருந்த கடையோடு சேர்ந்து இடிந்துபோனது. தாசேக் கெலுகோரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டில் சில மாதங்கள் ஒண்டிக்கொண்டிருந்தோம். பழைய உத்தியோகத்தர்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் உத்தரவு போட்டதும் திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் தங்க இடமில்லை. அதனால்தான், ஒரு ஜப்பான் ராணுவ அதிகாரி தனக்கென்று எடுத்துக்கொண்ட பழைய வீட்டைப் புதுப்பிக்க இவரைப் பொறுப்பாக வைத்து, பெண்சாதியோடு அங்கேயே இருந்துகொள் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடலைப் பார்த்த வீடு. ஒரு சீன வியாபாரிக் குடும்பத்துக்குச் சொந்தம். குண்டு விழுவதற்கு முன்பே அவர்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். பிறகு தகவல் இல்லை. வீட்டைக் காக்க விட்டுப்போன வேலைக்காரி மட்டும் பின்கட்டில் இருந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. இருபது வருஷம் அந்த வீட்டில் வேலை செய்தவள். எல்லாரும் அவளை அமா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாசாரில் பழகிய மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவள் என்னை ‘அடிக்’ என்பாள், தங்கச்சி என்று அர்த்தம்.

வீடு பாழடைந்து கிடந்தது. கூரை ஓடுகள் உடைந்து, முன்கூடத்துச் சுவரெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வந்த மறுநாளே நான் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு சுவரைச் சுரண்ட உட்கார்ந்தேன். வெளிவாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். பின்பக்கம் கடற்கரை நெடுக முள்கம்பி. நான் வெளியே போகக் கூடாது என்று கட்டளை. போகிற துணிவும் எனக்கில்லை. அந்த நாளில் இளம் பெண்கள் தெருவில் நடமாடவில்லை. தலைமயிரை ஆண்பிள்ளை மாதிரி வெட்டி, இவருடைய பழைய சட்டையைப் போட்டிருந்தேன். கம்பி என்னை உள்ளே அடைக்கிறதா, மற்றவர்களை வெளியே நிறுத்துகிறதா என்று முதல் மாதங்களில் நான் யோசிக்கவே இல்லை.

அதிகாரி வாரத்துக்கு ஒருமுறை வருவான். நடுத்தர வயது, மெலிந்த ஆள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பூனைபோல நடப்பான். அவனுக்கு முன்கூடம் தன் ஊர் மாதிரியே வேண்டும். தரையை உயர்த்திப் பலகை போட்டு, அதன்மேல் பாய். நடுவில் இழுத்துச் சாத்துகிற கதவுகள். சுவருக்கு என்ன நிறம் என்று இவர் கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து சாயம் மங்கிய நீலத் துணித்துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இதே நிறம், வேறு நிறம் ஆகாது.

சாமான் ஒன்றும் கிடைக்காத காலம் அது. பெயின்ட் இல்லை, ஆணி இல்லை, கண்ணாடி இல்லை. இவர் சூலியா தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, துணிக்குப் போடுகிற நீலப்பொடியைப் பொட்டலம் பொட்டலமாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். அதைக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கரைத்து, மரவள்ளிக் கஞ்சி விட்டு, காயவைத்துக் காயவைத்துப் பார்த்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பாய்க்குத் தாழையோலை. கதவுக்குக் காகிதம் இல்லாததால், படம் வரைகிற மெழுகுத்துணிச் சுருள்களைத் தன் இலாகாக் கந்தோரிலிருந்து கொண்டுவந்தார். கஞ்சி ஏற்றிப் பளபளவென்று இருக்கும் மெல்லிய துணி அது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் வெளிச்சம் பால்போல வடிந்து உள்ளே வரும்.

காலையில் ஒரு லாரி கூலியாட்களைக் கொண்டுவந்து இறக்கும். எல்லாரும் தமிழாட்கள். சிரித்துப் பேசி வேலை செய்வார்கள். பிறகு ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருநாள் லாரியே வரவில்லை. மூன்றாம் நாள் அவர்களுடைய மேஸ்திரி மட்டும் சைக்கிளில் வந்து, சாந்து பூசுகிற தன் கரணையை எடுத்துக்கொண்டான்.

“ஆளுங்க எங்கே?” என்று இவர் கேட்டார்.

“சயாமுக்கு ஏத்திட்டாங்க ஐயா. ரயில் ரோடு போடவாம். போனவன் ஒருத்தனும் திரும்பல. பாசார்ல நின்னவனைக்கூட விடல லா. நானும் எங்கயாச்சும் ஓடிரணும்.”

அவன் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் மட்டும்தான் வேலை செய்தோம். இவர் தச்சுவேலை, நான் சுவர், அமா தண்ணீர் சுமந்தாள்.

அடுத்த தடவை அதிகாரி வந்தபோது நல்ல சந்தோஷத்தில் இருந்தான். இவரைத் தோளில் தட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். இவர் அடுப்படிக்கு வந்து, சாம்பல் பூத்த அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார்.

“என்னவாம்?”

“என்னையும் சயாமுக்கு அனுப்பப் போறானாம். அங்கை படம் கீறத் தெரிஞ்ச ஆக்கள் தேவையாம். பெரிய மரியாதை எண்டமாதிரிச் சொல்லுறான்.”

“எப்ப?”

“வீடு முடிஞ்ச உடனை.”

எனக்கு அழுகை வரவில்லை. “அப்ப வீடு முடியக் கூடாது,” என்றேன்.

“எத்தினை நாளைக்கு?”

“முடியாமல் வைச்சிருக்கிற வரைக்கும்.”

அதன் பிறகுதான் அந்த வீடு எனக்குச் சிறையானது. மெதுவாகச் செய்தால் சந்தேகம் வரும். அதனால் மும்முரமாக வேலை செய்துகொண்டே, செய்த வேலை நிலைக்காமல் பார்த்துக்கொண்டேன். முள்கம்பி இடுக்கு வழியாக மொண்ட கடல்தண்ணீரைச் சுண்ணாம்பில் கலந்தேன். பூசின அன்று சுவர் அழகாக இருக்கும். நாலைந்து நாளில் வேர்த்து, உப்புப் பூத்து, தொட்டால் கையோடு வரும். அதிகாரி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பான். கை வெள்ளையாகும். “சியாப்?” என்பான், முடிந்ததா என்று. “பெலோம், துவான்,” என்று இவர் தலையைக் குனிவார், இன்னும் இல்லை ஐயா என்று. கடற்காற்று, ஈரச்சுவர் என்று காரணம் சொல்வார். அதிகாரி அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பளார் என்று கன்னத்தில் அறைவான். அதில் கோபம்கூடத் தெரியாது. கடமைபோல அறைந்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவான். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். பிறகு மறுபடியும் சுரண்டுவேன், மறுபடியும் பூசுவேன். மழை, வெயில், கப்பல் சங்கு, தெருவில் போகிற வண்டிச் சத்தம் எல்லாம் சுவருக்கு அப்பால் எங்கோ இருந்தன. நான் பார்த்ததெல்லாம் அந்த நீலத்தை மட்டும்தான்.

இவருக்குத்தான் அது முடியவில்லை. அடி வாங்கினார், பொய் சொன்னார், ஆனால் மரத்தில் கை வைத்தால் அவரால் கெடுத்துச் செய்ய முடியவில்லை. ஒரு மத்தியானம் கூடத்துக்குள் போனேன். இழுப்புக் கதவைக் கழற்றி வைத்து, அடிக்கட்டையைச் சீவிச் சீவித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சமைக்கவே எண்ணெய் இல்லாத நாட்கள்.

“இது ஆருக்குச் செய்யிறியள்?”

“கதவு இழுபடாமல் இறுகி நிக்குது. சரிப்படுத்தினனான்.”

“நிக்கட்டும். அது நிண்டால்தானே நீங்களும் இஞ்சை நிப்பியள்.”

“எனக்குப் பிழையாச் செய்யத் தெரியேல்லை. கை கேக்குதில்லை.”

“உங்கடை கையையோ நான் கலியாணம் முடிச்சனான்?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் தூக்கிப் பள்ளத்தில் பொருத்தி, ஒற்றை விரலால் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் கடைசிவரைக்கும் ஓடிப்போய் நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது? அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை. எனக்கும் அப்படி ஒன்று நேர்ந்திருந்தது. மேற்குப் பக்கத்துச் சுவர் ஒன்று அந்தத் துணித்துண்டின் நிறத்திலேயே காய்ந்து வந்திருந்தது. உப்புத் தண்ணீர் வாளியோடு அதன் முன்னால் போய் நின்று, ஊற்ற மனம் வராமல் திரும்பி வந்திருந்தேன்.

அந்த வாரம் அதிகாரி வந்தான். கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான். மறுபடியும் தள்ளினான். தரையில் உட்கார்ந்து பாயைத் தடவினான். மேற்குச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இவரைப் பார்த்துக் கேள்வியாக இல்லாமல், முடிவாகச் சொன்னான்: “சியாப்.” மற்றச் சுவர்கள் போகட்டும். நாளை மறுநாள் தன் நண்பர்களுக்கு இங்கே விருந்து. விருந்து முடிந்ததும் இவர் சயாமுக்குப் புறப்படலாம். எங்களுக்கு ஒரு பொட்டலம் சீனி கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் இவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள், பயணத்துக்குப் பெயர் பதிய. பகல் திரும்பும்போது மழை பிடித்தது. பினாங்கு மழை, எதிரே இருக்கிற மரம் தெரியாது. நான் கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அமா வந்து பக்கத்தில் நின்றாள்.

“அடிக், முன்பெல்லாம் இந்தக் கூடம் ஒழுகும்,” என்றாள். “இரண்டு கூரையும் சேருகிற பள்ளத்தில். உன் புருஷன் வந்து முதல் வேலையாக அதைத்தான் அடைத்தான்.”

நான் நிமிர்ந்து கூடத்துச் சீலிங்கைப் பார்த்தேன்.

“என் முதலாளியம்மா இந்தக் கூடத்தில்தான் சாமி வைத்திருந்தாள்,” என்றாள். “அந்த ஆள் இங்கே உட்கார்ந்து குடிப்பதை நான் பார்க்க மாட்டேன். ஏணி நடுமுற்றத்தில் இருக்கிறது.”

வெளிவாசல் சிப்பாய் மழைக்குப் போர்ட்டிகோவுக்குள் ஒதுங்கியிருந்தான். அங்கிருந்து கூரை தெரியாது. அமா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் நான் ஒரு மரத்தில்கூட ஏறினதில்லை. அடுப்படிக் கூரையில் கால் வைத்தபோது பாசி வழுக்கியது. நாலு காலில் தவழ்ந்துதான் போனேன். பள்ளத்து ஓடுகளை ஒவ்வொன்றாக நெம்பி நகர்த்தினேன். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு இருட்டுக்குள் கொட்டத் தொடங்கியது. மழை கொஞ்சம் வெளுத்தபோது அந்த உயரத்திலிருந்து முள்கம்பிக்கு அப்பால் கடல் தெரிந்தது. அக்கரையில் கெடா மலைப்பக்கம் மழை இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்க மனமில்லாமல் அப்படியே இருந்தேன். அமா கீழேயிருந்து அதட்டின பிறகுதான் இறங்கினேன்.

பழைய சுண்ணாம்புச் சீலிங் முதலில் வயிறுபோலப் புடைத்தது. பிறகு பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. மெழுகுத்துணி கஞ்சி கரைந்து, வெறும் பழந்துணியாகச் சட்டத்தில் தொங்கியது. நீலம் சுவரிலிருந்து வழிந்து பாயில் தேங்கியது.

இவர் நனைந்துகொண்டு வந்தார். கூடத்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். ஓட்டுப் பாசி நகக்கண்களில் பச்சையாக இருந்தது. விழுந்த கதவு ஒன்றை நிமிர்த்தி, சுவரோரமாகச் சாத்தி வைத்தார்.

மறுநாள் காலை அதிகாரி வந்து பார்த்தபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு அவன் கடமைக்கு அடிக்கவில்லை. கையால், பிறகு இடுப்பு வாரால், பிறகு காலால் அடித்தான். “போடோ, போடோ” என்று கத்தினான், மடையன் மடையன் என்று. ஒரு வீட்டுக்குள் மழை வராமல் தடுக்கத் தெரியாதவன் சயாம் காட்டு மழையில் என்னத்தைப் பிடுங்குவான் என்று அன்று அவனோடு வந்திருந்த மொழிபெயர்ப்பாளன் எங்களுக்கு எடுத்துச் சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவன் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். சயாமுக்கு லாயக்கில்லை. லாயக்கில்லை. எங்களை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். அமா நடுமுற்றத்திலேயே நின்றுவிட்டாள். அவளை நான் பிறகு பார்க்கவில்லை.

இவருக்குப் பதிலாகச் சயாமுக்கு யாரையாவது அனுப்பியிருப்பார்கள். யாரை என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

மறுபடியும் தாசேக் கெலுகோர். அதே கிராணி, மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் காட்டினார். இவருடைய உடைந்த விலா எலும்பு கூடி வர வெகுநாளானது. முதல்நாள் மண்வெட்டியைப் பிடித்துக் கொஞ்சம் கொத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்று கேட்டார்:

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?”

“கதவை எண்டாலும் கழட்டி அங்காலை வைச்சிருப்பன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான், எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்தது. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்டவெளி, சுற்றிலும் சுவர் இல்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டு எங்கேயும் போக எங்களுக்கு வழியில்லை. இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து வந்து போனது. கிழங்கைத் தின்றோம், கிழங்கிலேயே உயிர் பிழைத்தோம்.

யுத்தம் முடிந்ததும் இவர் பழைய வேலைக்குத் திரும்பினார். கந்தோரில் நாற்காலிகள் பல காலியாக இருந்தன என்று மட்டும் சொன்னார். அந்த அதிகாரி அடித்த அடியில் அவருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் அவருடைய வலது பக்கமாகவே நடந்தேன்.