மீதி இழை

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிற எனக்கு டி.என்.ஏ. பாடத்தில் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஓர் இழையின் வரிசையைக் கொடுத்து, எதிர் இழையை எழுதச் சொல்வது. அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசைன். வேறு ஜோடி கிடையாது. பாதி தெரிந்தால் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். வருஷம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகூட இதில் மதிப்பெண் வாங்கிவிடும். இழைகள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்ட, கடத்தூரில் என் கணவர் வைத்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலிருந்து இரண்டு செப்புக் கம்பிகளை எடுத்துப் போவேன்.

கணவர் என் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கம் இதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. அம்மாவே அத்தை மகனைக் கட்டியவள்தான்.

கர்ப்பமாகி மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை செய்தபோது, எனக்குத் தாலசீமியாவின் மரபணு இருப்பது தெரிந்தது. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் மரபணுவில் ஒரு பிழை. பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக இருப்பதால் எனக்கு நோய் இல்லை. கணவருக்கும் பிழை இருந்தால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போக நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறந்த குழந்தையை ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் வளர்க்க வேண்டும். அவரை உடனே கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா.

அவர் வர மறுத்தார்.

"நீயும் நானும் ஒரே ரத்தம். உனக்குப் பாத்தாச்சில்ல? ஒரே மோட்டாருக்கு ரெண்டு தடவ மீட்டர் வெச்சுப் பாப்பாங்களா?"

"ஒரே ரத்தம்ங்கறதாலதான் பாக்கச் சொல்றாங்க மாமா."

"டீச்சரு வேலைய பள்ளிக்கூடத்தோட வெச்சுக்கோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐம்பது பிள்ளைகளுக்குப் புரியவைத்ததை ஓர் ஆளுக்குப் புரியவைக்க முடியவில்லை. நாட்கள் வேறு போய்க்கொண்டிருந்தன. கோபத்தைவிட பயம்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மா, கீரை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தச் சீக்கு வந்தா புள்ள வெளுத்துப் போவுமா?"

"ஆமாம்மா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒன்றரை வயதில் இறந்துபோனான். அவனைப் பற்றி அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: வெளுத்துப்போயிட்டான். அன்று மதியமே பட்டறைக்குப் போய்த் தம்பியின் எதிரில் நின்றாள். "போய்ட்டு வாடா" என்றாள். அக்கா பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அவருக்குப் பிழை இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அவர் டீ வாங்கி வந்து கொடுத்து, "நாந்தான் சொன்னேன்ல?" என்றார். அப்போதும் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தம்பி முகம் கழுவப் போகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப, உங்கண்ணனுக்கு வந்தது இதுதானா?"

என்னிடம் பிழை இருக்கிறது. அண்ணன் வெளுத்துப்போய் இறந்திருக்கிறான். அது இந்த நோய்தான் என்றால், பிழை அப்பாவிடம் மட்டும் இருந்தால் போதாது. அம்மாவிடமும் இருந்திருக்க வேண்டும். இருவருமாகச் சேர்ந்துதான் அதை அவனுக்குக் கொடுத்திருக்க முடியும். பாதி என் கையில் இருந்தது. மீதியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இல்லம்மா. அது ஏதாவது காய்ச்சலா இருந்திருக்கும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீரைக்கட்டைப் பிரித்தாள்.

"சரி. அப்படியே வெச்சுக்குவோம்" என்றாள்.