பேத்தி வேண்டாமென்ற வீடியோ

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொடங்கியது இது. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அன்று மஞ்சள் நீராட்டு விழா. அவள் அப்போது எட்டாம் வகுப்பு.

நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பூர்வீகம் சேத்தியாத்தோப்புப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் பக்கத்தில் இந்த விழாவுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டும். தாய்மாமனான என் மகன் துபாயில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. "எனக்குப் பதிலா நீங்க மாலை போடுங்கப்பா, நான் வீடியோ கால்ல பாத்துக்கறேன்" என்றான்.

பேத்திக்கு இந்த விழாவே பிடிக்கவில்லை. நல்ல வாயாடி அவள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பேப்பர் படிப்பதை அப்படியே நடித்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாள். அப்படிப்பட்டவள் விழாவுக்கு முந்தின வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தாத்தா, ரோட்டுல பேனர் வைக்காதீங்க. ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான் போவுது."

நானே மகளிடமும் மாப்பிள்ளையிடமும் பேசி பேனரை நிறுத்தினேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வீடியோவும் எங்கயும் போடாதீங்க. மாமாவுக்கு மட்டும் காட்டுங்க" என்றாள். சரி என்றேன்.

விழா அன்று வீடியோ கால் அறுந்து அறுந்து போயிற்று. மகன் முகம் உறைந்து நிற்கிறது, குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவியின் தம்பி, "லைவ் போட்டுடுங்க மாமா. துபாய், சிங்கப்பூர் எல்லாம் ஒரே நேரத்துல பாத்துடலாம்" என்றான். முகநூலில் போட்டேன். யார் யார் பார்க்கலாம் என்று போன் கேட்டது. எல்லோரும் என்பதை அழுத்தினேன். விவரம் தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று பிற்பாடு வீட்டில் சொன்னேன். அது பொய். என்னோடு வேலை பார்த்தவர்கள், என் பழைய மாணவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

ஆலத்தி சுற்றும்போது பேத்தி அழுதுவிட்டாள். கனமான பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, சுற்றி நின்று அத்தைகள் பண்ணுகிற கேலி. மூக்கு சிவந்து, வாய் கோணி அழுகிறாள். "சிரிடி, வீடியோவுல அழுமூஞ்சியாவே விழுவுற பாரு" என்று ஓர் அத்தை அதட்டினாள். நான் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். திரையில் இதயங்கள் மிதந்து மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன. எனக்கு அது பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எடுத்துடுங்க தாத்தா" என்றாள். மாமா முழுசாகப் பார்க்கட்டும், அப்புறம் எடுக்கிறேன் என்றேன். மகன் மறுநாளே பார்த்துவிட்டான். நான் எடுக்கவில்லை. யாராவது ஒருவர் தினமும் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். பார்த்துவிட்டு, செல்போனால் இளைய தலைமுறை கெடுகிறது என்று வருகிற செய்திகளை நண்பர்களுக்கு அனுப்புவேன். இதையெல்லாம் இப்போது எழுதும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில் மகள் கடலூரிலிருந்து கூப்பிட்டாள். "எந்நேரமும் போனுதாம்பா. சோறு வேணாங்கறா. வயித்துவலின்னு ஸ்கூலுக்கு மட்டம் போடறா. வாயத் தொறந்தா எரிஞ்சு விழறா. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பா."

போனேன். பேத்தி இளைத்திருந்தாள். என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பாடம் எடுத்தேன். மூளை, நரம்பு, டோபமைன் என்று வகுப்பில் பேசுவதுபோலப் பேசினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் அவள் போனை வாங்கி என் பைக்குள் போட்டேன். அப்போதுதான் திரும்பினாள்.

"அத மட்டும் எடுத்துட்டுப் போவாதீங்க தாத்தா. ப்ளீஸ்."

இந்தக் கெஞ்சலுக்குப் பெயர்தான் அடிமைத்தனம் என்று அவள் அம்மாவிடம் விளக்கிவிட்டு, போனோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்த வாரமே ஒரு நாள் மதியம் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். பள்ளிக்குப் போனவள் வகுப்பில் இல்லையாம். மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடினாராம். ஏன் கடற்கரைக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் மனதில் ஓடியது என்னவென்று எனக்கும் புரிந்தது. வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடலூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் வாசலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சீருடை போட்ட பிள்ளை யார் இறங்கினாலும் கிட்டே போய் முகத்தைப் பார்த்தேன்.

ஒரு பஸ்ஸின் பின்வாசலில் அவள் இறங்கினாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திட்டவும் முடியவில்லை. முதலில் மகளுக்குப் போன் போட்டு, வந்துவிட்டாள் என்று சொன்னேன். பேத்தி கொஞ்சம்கூடப் பதறாமல், "போன குடுங்க தாத்தா. நான் பேசலன்னா அவ பயந்துடுவா" என்றாள்.

யார் அந்த அவள்? முன்பு அவள் வகுப்பில் படித்த, பரங்கிப்பேட்டைப் பெண். அந்த வருடம்தான் தன் ஊர்ப் பள்ளிக்கே மாறிப் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் பேத்தியோடு போனில் பேசி, சாப்பிட்டியா, நாளைக்கு ஸ்கூலுக்குப் போ, நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் குரலைத்தான் நான் பைக்குள் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து போனைக் கொடுத்தேன். அவள் திறந்து வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவைக் காட்டினாள். என் வீடியோவிலிருந்து வெட்டிய அவளுடைய அழுகை முகம், ஸ்டிக்கராக. கீழே "நாளைக்கு டெஸ்ட்". இன்னொன்றில் "சமோசா தீந்துடுச்சி". "பி.டி. பீரியட் கட்". வகுப்பில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் அவள் முகத்தைத்தான் அனுப்பினார்கள். முதலாவதைப் பார்த்ததும் எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அவள் அதைக் கவனித்தாள். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நொடிகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

"பசங்க நேர்ல பாத்தாலும் அப்பிடியே வாயக் கோணிக் காட்டுறாங்க தாத்தா. டீச்சர் கேள்வி கேட்டு எழுந்து நின்னாக்கூட."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, வீடியோ யார் போட்டாங்கன்னு உங்களத் திட்டுவாங்க" என்றாள்.

உடனே எடுத்துவிடுகிறேன் என்று என் போனைத் திறந்தேன். அவளே அதை வாங்கி வீடியோவை நீக்கினாள். "இது போயிடுச்சி. அவுங்கவுங்க போன்ல இருக்கறது போவாது" என்றாள். பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரிடம் பேசட்டுமா என்றேன்.

"நீங்க வந்தா உங்களையும் ஒரு ஸ்டிக்கர் போட்டுடுவானுங்க."

பழைய பேத்தி அந்த ஒரு வரியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு பசிக்கிறது என்றாள். என் மனைவி ஊற்றிய தோசையை இரண்டு கையாலும் பிய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தேன்.

சாயங்காலம் மகள் வந்ததும், போட்டது நான்தான், எடுக்கச் சொல்லியும் எடுக்காமல் இருந்ததும் நான்தான் என்று சொன்னேன். அவள் என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பேத்தியைக் கேட்டுக்கொண்டுதான் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். அந்த ஆசிரியை கூச்சல் போடாமல் பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினார். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்களுக்கு வேறு விளையாட்டு கிடைத்தது. பேத்திக்குப் பள்ளிக்குப் போகிற தைரியம் வர அந்த வருடம் முழுவதும் ஆயிற்று.

இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். மறுபடியும் எல்லோரையும் நடித்துக் காட்டுகிறாள். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் மணி பார்க்க நான் போனைக் கையில் எடுத்தால்கூடப் போதும், பேச்சை நிறுத்தாமலே முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கே அது தெரிவதில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகளைச் செல்போன் கெடுத்துவிட்டது என்று யாராவது பேச ஆரம்பித்தால், முன்போல என்னால் தலையாட்ட முடிவதில்லை. திரும்பிக்கொண்ட அந்த முகம்தான் என் கண்முன் வருகிறது.