பதில் வராத பச்சை விளக்கு

நெதர்லாந்தில் நான் வசிக்கும் ஊரில் மாதத்துக்கு ஒருநாள் நண்பகலில் சைரன் அலறும். ஒருவரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்களாம். கடலை அணைபோட்டு நிறுத்திவிட்ட தைரியம். கடலோர மரக்காணத்துக்காரியான எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கண் ஜன்னலுக்குப் போகும். கையிலிருக்கும் சாண்ட்விச் இறங்காது.

போன கார்த்திகையில் சைரன் ஒலித்த அன்றுதான் எங்கள் கரையில் புயல். வீடு உப்பளத்தை ஒட்டியே இருக்கிறது. அம்மா, அண்ணன், அண்ணி மூவரும் அங்கே. அவர்களுக்காக நானே ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தேன். அவரவர் போனில் ‘நலம்’, ‘உதவி’ என்று இரண்டு பட்டன். கடைசி ஒருமணி நேரத்தில் வந்த பதில்களை மட்டும் எடுத்து, எல்லாமே ‘நலம்’தானா என்று புரோகிராமின் ஒரே வரியில் சோதிக்கும். ஒன்று பிசகினாலும் என் மேசையில் சிவப்பு விளக்கு. எல்லாம் சரியென்றால் பச்சை. காலையிலிருந்து பச்சைதான். நானும் நம்பி மீட்டிங்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

சைரன் அடங்கியதும் மனசு கேட்காமல் பதில்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அங்கே டவர் விழுந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அடித்தேன், அம்மாவுக்கு அடித்தேன். இரண்டும் ஸ்விட்ச் ஆஃப்.

பக்கத்து இருக்கை டச்சுக்காரன் யானிடம் திரையைக் காட்டி, “யாருமே பதில் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் நலம் என்கிறது” என்றேன். எட்டிப் பார்த்தான். “சரியாகத்தான் சொல்கிறது. பட்டியல் காலி. நலமில்லை என்று ஒருவர்கூட அதில் இல்லையே, அதனால் ‘ட்ரூ’, உண்மை. புரோகிராமில் பக் எதுவும் இல்லை” என்றான். புரோகிராமைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான், பாவம்.

அம்மா உப்பளத்து வேலைக்குப் போன காலத்தில், மழை இருட்டிக்கொண்டு வந்தால் எல்லாரும் வரப்பில் ஓடிவந்து வேனில் ஏறுவார்கள். கிளம்புமுன் அம்மா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். குரல் வராத ஆளைத் தேடிப் போவார்கள். ஏறி உட்கார்ந்தும் வாய் திறக்காதவருக்கு வசவு விழும்: “உயிரோட இருந்தா ஏன்னு குரல் குடுக்க வேண்டியதுதானே?” அவள் பெற்ற மகள் நான், பதில் வராதவர்களைக் கணக்கிலேயே எடுக்காத ஒரு வரியை எழுதி வைத்திருந்தேன். அன்று மாலைவரை என்னென்னவோ நினைத்துச் செத்துப் பிழைத்தேன்.

அப்புறம் தெரியாத எண்ணிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஊட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சும்மா. மூணு பேரும் கூனிமேட்டுப் பள்ளிவாசல்ல இருக்கோம். இது இங்க ஒரு பாயோட போனு, சார்ஜ் இல்ல.”

“எல்லாரும் நல்லா இருக்கீங்க இல்ல?”

“எல்லாரும்னு எப்பிடிச் சொல்றது? நீ இங்க இல்லியே. கடலுக்குக் கீழ இருக்குற ஊருன்னியே, சைரன் வேற ஊதுதுன்ன. நீ நல்லா இருக்கியாடி?”

நான் வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாளே அந்த வரியை மாற்றினேன். இப்போது முதலில் பெயர்களைக் கூப்பிடும். ஒருவர் பதில் வராவிட்டாலும் சிவப்புதான். நான்காவதாக என் பெயரையும் சேர்த்தேன். அங்கே மூவரும் ‘நலம்’ அழுத்திவிடுகிறார்கள். நான் என் போனிலுள்ள இரண்டு பட்டன்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா கேட்டதற்கு எதை அழுத்துவதென்று தெரியவில்லை. மேசையில் விளக்கு சிவப்பாகவே எரிகிறது.