சந்தனம் பூசிய லூகர்

கடந்த குளிர்காலத்தில், பழைய ஆயுதங்களை ஏலம் விடும் ஓர் இணையத்தளத்தில் ஒரு லூகர் கைத்துப்பாக்கியைப் பார்த்தேன். முதலாம் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியில் கடைகளில் விற்பதற்கென்று செய்யப்பட்டது. இராணுவ முத்திரை இல்லை. உறுப்புகள் எல்லாவற்றிலும் ஒரே இலக்கம். குறை ஒன்றையும் விற்பவர் மறைக்காமல் எழுதியிருந்தார்: மரப்பிடியில் மஞ்சளாக ஒரு வட்டக் கறை, பாலைவனத்தில் போரிட்ட ஏதோவொரு வீரனின் வியர்வையாக இருக்கலாம். கடையில் விற்கச் செய்த துப்பாக்கி எந்த வழியாகப் பாலைவனத்துக்குப் போனது என்று அவர் விளக்கவில்லை.

நான் ஒஸ்லோவில் ஆயுத அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாலைவன வீரர்களைப் பல விண்ணப்பங்களில் சந்தித்திருக்கிறேன். அந்தக் கறை வியர்வை அல்ல, சந்தனம் என்று சந்தேகிக்கிறேன். சந்தேகிப்பதற்குத்தான் அரசாங்கம் இத்தனை காலம் எனக்குச் சம்பளம் தந்தது.

அந்தச் சந்தனத்தைக் குழைத்தவர் என் அம்மா.

அப்போது நாங்கள் நகரின் ஓரத்தில், அம்மருட்டில், உயர்ந்த அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். ஒஸ்லோவில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று வீட்டில் நான்கு பேர். சித்தப்பா ஓர் இயந்திரப் பட்டறையில் கடைசல் வேலை செய்தார். மற்றவர்கள் சம்பளத்தில் ஊரில் வீடு கட்டினார்கள். சித்தப்பா பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கிகளை வாங்கினார். சுடுவதற்கு அல்ல. குண்டு எப்படி இருக்கும் என்றுகூட அவர் எனக்குக் காட்டியதில்லை. திருகாணி முதல் விசை வரை ஒவ்வொன்றிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். இருந்தால் அன்று முழுக்கப் பாட்டுத்தான். கடற்படைக்குச் செய்ததற்கும் கடைக்குச் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சாப்பாட்டு மேசையில் விளக்குவார். கடைக்குச் செய்ததில் மினுக்கம் அதிகமாம். காசு கொடுத்து வாங்குபவன் உற்றுப் பார்ப்பானாம், படைவீரன் கொடுத்ததை வாங்கிக்கொள்வானாம்.

அனுமதியெல்லாம் முறைப்படி இருந்தது. ஆனால் காவல்துறை அவருக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: துப்பாக்கிகள் எந்நேரமும் சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் இருக்க வேண்டும், ஒன்றேனும் வெளியே கண்டால் அனுமதி இரத்து, சேகரிப்பு முழுவதும் போய்விடும். அதே மாடியில் வேட்டைத் துப்பாக்கியைக் குடைகளோடு சாத்தி வைத்திருந்தவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. காரணம் எழுதாத முடிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு.

ஆணி இறங்கும் கொங்கிறீட் சுவர் என் அறையில்தான் இருந்தது. ஆகவே அலுமாரி என் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். கணவனின் தம்பியை இது வேண்டாம் என்று சொல்ல அம்மாவால் முடியாது. தம்பிக்கு எதையுமே சொல்ல அப்பாவால் முடியாது. அத்தோடு விடயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

எனக்குச் சித்தப்பாமேல் சந்தேகம் இருந்தது. இந்த நாட்டை ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய துப்பாக்கிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் பூசுகிறவர் யார் பக்கம்? கீழ்வீட்டு நோர்வேஜியக் கிழவருக்கும் அதே சந்தேகம். அவர் போர்க்காலத்தில் காட்டில் ஒளிந்திருந்தவர். மாடிப்படியில் என்னை நிறுத்துவார்.

"உன் சித்தப்பா எங்கள் நாட்டுச் சாமான் ஏதாவது சேர்க்கிறாரா?"

"இல்லை. ஜெர்மன் மட்டும்தான்."

"ம்."

அந்த "ம்"மை நான் அப்படியே மேலே கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடுப்பேன். "அந்தாளுக்கு என்னவாம்?" என்று அவர் சிரிப்பார். "திருகாணிக்கும் இலக்கம் போட்டவங்கள், பிள்ளை, இவங்கள். நல்லவங்கள் எண்டு நான் சொன்னனானோ? இலக்கம் போட்டவங்கள் எண்டுதான் சொன்னனான்."

புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சித்தப்பா ஒரு லூகரைக் கழற்றித் துணியில் பரப்பினார். நான் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துப் பெயர் சொல்லித் திரும்பப் பூட்டினேன். கடைசி ஆணி தானாகப் போய் உட்கார்ந்தது. சித்தப்பா கைதட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். கதவடியில் அம்மா, கையில் அகப்பையோடு நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பிக் குசினிக்குப் போனார். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். என் கண் அடுத்துக் கழற்றப்போகும் துப்பாக்கியில் இருந்தது.

நவராத்திரி வந்தது. சரசுவதி பூசையன்று வீட்டிலுள்ள புத்தகங்களையும் தொழிற்கருவிகளையும் சாமிக்கு முன் வைப்போம். வைத்ததை மறுநாள் விசயதசமி காலை வரை தொடக்கூடாது. பள்ளிப் புத்தகத்தைத் தொடாமலிருக்கச் சாமியே சொல்லும் நாள் என்பதால் எனக்கு அது பிடிக்கும். அப்பா பேனையை வைத்தார், அம்மா கத்தரிக்கோலை வைத்தார், சித்தப்பா வழக்கம்போல் தன் அளவுகோலைக் கொண்டுவந்தார்.

"இதென்ன தம்பி, ஒரு அளவுகோல்?" என்றார் அம்மா. "உங்கடை சாமான்களையும் கொண்டுவந்து வையுங்கோவன். அதுவும் ஆயுதந்தானே."

அப்பா தேவாரப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். சித்தப்பாவின் முகத்தை நான் மறக்கவில்லை. அந்த வீட்டில் அவருடைய சேகரிப்பைப் பற்றி அம்மா பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

"மச்சாள், மெய்யாத்தான் சொல்லுறியளோ?"

"பின்னை? எல்லாத்தையும் கொண்டாங்கோ. ஒண்டை விட்டு ஒண்டை வைச்சால் குறையெல்லோ."

அலுமாரி காலியானது. சிவப்புத் துணியில் அவற்றை வரிசையாகப் படுக்க வைத்தார். துடைப்பக்கட்டை போன்ற உருண்டைப் பிடியுடைய ஒன்று, கடற்படையின் நீளக் குழல் ஒன்று, நடுவில் அவருடைய உயிரான, கடைக்குச் செய்த அந்த லூகர். கீழ்வீட்டுக் கிழவர் தன் தோட்டத்தில் கடைசியாகப் பூத்ததென்று தந்துவிட்ட டாலியாக்களை அம்மா அவற்றின்மேல் வைத்தார். எதன்மேல் வைக்கப்படும் என்று தெரிந்திருந்தால் அவர் தந்திருக்க மாட்டார். சந்தனக் கிண்ணத்தோடு அம்மா குனிந்ததும் சித்தப்பா பதறிப்போனார்.

"ஐயோ மச்சாள், இரும்பிலை வேண்டாம், கறள் பிடிச்சிடும். மரப்பிடியிலை மட்டும் வையுங்கோ. சின்னனா."

அம்மா பிடிகளில் மட்டும் வைத்தார். சின்னதாக வைக்கவில்லை.

அந்த ஆண்டு பூசையை அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்கினார். அதற்கு முன், விருந்தினர் வந்தால் மட்டும் எடுக்கும் பொன்விளிம்புக் கோப்பைகளைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். நாலு எடு என்றார். நான் பால்தான் குடிப்பேன், மூன்று போதுமே என்றேன். "கிடக்கட்டும். ஆரும் வந்தால்?" என்றார். அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

கற்பூரம் காட்டி அணையும்போது அழைப்புமணி அடித்தது. வாசலில் காவல்துறைச் சீருடையில் ஒருவர், வயது கொஞ்சம் போனவர். ஆயுதங்களைப் பார்வையிட வந்ததாகச் சொல்லி, சப்பாத்தைக் கழற்றினார். மனுசன் நல்ல மரியாதை. உள்ளே வந்து ஒரு கணம் நின்றார். அலுமாரி வாயைத் திறந்தபடி கிடந்தது. ஜெர்மன் துப்பாக்கிகள் பூவும் பொட்டுமாகச் சாமிப்படத்தின்முன் படுத்திருந்தன, ஊதுவத்தி புகைந்தது.

"இவற்றை நீங்கள் வணங்குகிறீர்களா?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. அவருக்கும் போர் நினைவிருக்கும் வயதுதான்.

அப்பா நோர்வேஜிய மொழியில் விளக்கத் தொடங்கினார்: பேனையும் வைத்திருக்கிறோம், கத்தரிக்கோலும் வைத்திருக்கிறோம். அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார். அது உதவவில்லை. சித்தப்பா துப்பாக்கிகளை அள்ளி அலுமாரிக்குள் வைக்கக் கை நீட்டினார்.

"தொடாதையுங்கோ தம்பி!" அம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "நாளைக் காலமைதான் எடுக்கலாம். சாமிக்கு வைச்சது."

"மச்சாள், எல்லாம் போகப்போகுது..."

"சாமிக்கு வைச்சது எண்டு சொல்லுறன்."

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. பட்டறையில் எந்த இயந்திரத்துக்கும் பயப்படாதவர், அந்தச் சொல்லுக்குப் பயந்தார். காவல்துறைக்காரர் காத்திருந்தார். பிறகு, நிபந்தனை மீறப்பட்டிருப்பதால் தானே எடுத்துச்செல்ல வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். அப்பா அதைத் தமிழில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார், இதற்கும் சாமி தடை சொல்லும் என்ற நம்பிக்கையோடு.

"அவர் எடுக்கட்டும்" என்றார் அம்மா. "வீட்டு ஆக்கள்தான் தொடக்கூடாது. அவர் வீட்டு ஆள் இல்லையே."

அவர் ஒவ்வொன்றாக இலக்கம் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதினார். எல்லா உறுப்பிலும் ஒரே இலக்கம் என்று சித்தப்பா பக்கத்தில் நின்று, கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக லூகரை எடுத்தபோது டாலியா ஒன்று கீழே விழுந்தது. சித்தப்பா அதைக் குனிந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், திரும்ப அதன்மேல் வைத்தார். அம்மா பொன்விளிம்புக் கோப்பையில் கோப்பி கொடுத்தார், கேசரி கொடுத்தார். வந்தவர் இரண்டாம் தடவையும் கேசரி வாங்கினார்.

அனுமதி இரத்தானது. துப்பாக்கிகளை ஒரு வணிகர் மூலம் வேறு சேகரிப்பாளர்களுக்கு விற்க விட்டார்கள். சித்தப்பா எல்லிங்ஸ்ருட்டில் தனியாக வீடு பார்த்துப் போனார். பிறகு எதையும் சேகரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் பத்திரிகை வாசிக்க வைத்துக்கொண்டார். அலுமாரியைச் சுவரிலிருந்து பிடுங்க முடியவில்லை. அம்மா அதில் அரிசியும் மிளகாய்த்தூளும் வைத்தார். ஒஸ்லோவிலேயே பாதுகாப்பான மிளகாய்த்தூள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

காட்டிக்கொடுத்தது கீழ்வீட்டுக் கிழவர்தான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சித்தப்பா சாகும்வரை அவரோடு கதைக்கவில்லை. அப்பா மாடிப்படியில் தலையை மட்டும் ஆட்டுவார். அம்மா மாத்திரம் ஒவ்வொரு சரசுவதி பூசைக்கும் அவருக்கு ஒரு தட்டில் கேசரி அனுப்பினார். அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் வியந்தோம்.

பின்னாளில் நான் மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். அயலவரின் முறைப்பாடு என்றால் இரண்டு பேர் வருவார்கள். சப்பாத்துக் கழற்ற மாட்டார்கள். தனியாக ஒருவர் சேகரிப்பைப் பார்வையிட வருகிறார் என்றால், முதலில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து எந்த நாள் வசதி என்று கேட்பார். அது நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்த நடைமுறை. பகல் நேரத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசியை எடுக்க இருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்கு அப்போது தெரிந்த நோர்வேஜிய மொழி, ஒரு நாளைச் சொல்லி "வாருங்கள்" என்பதற்குப் போதும்.

என் தலைமாட்டிலிருந்து அந்தத் துப்பாக்கிகளை அகற்ற இவ்வளவு சுத்தமாக ஒரு நடைமுறையைப் பயன்படுத்தியவரை, அத்தனை ஆண்டுகளில் என் அலுவலகத்தில் நான் கண்டதில்லை. அம்மா அதைப்பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதிகாரியாகக் கேட்பதா, மகளாகக் கேட்பதா என்று தெரியவில்லை.

அன்று நான் நாலாவது கோப்பையைப் பொன்விளிம்பு பளபளக்கும்வரை துடைத்து, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தேன். கோப்பையின் பிடியைத் தனக்குத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு, அம்மா நேரத்தைப் பார்த்தார். பூசைக்கு நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.