நடவுக்கு அழைக்கப்பட்டவர்கள்

1. நாற்று பறித்துக் கட்டி வரப்பில் கிடந்தது. நடவு ஆட்கள் வரவில்லை.
2. முதலாளி அரிசி ஆலைக்குள் வந்து, எங்கள் நான்கு பேரை மட்டும் தன் வயலுக்குக் கூப்பிட்டார்.
3. ஆப்பரேட்டர் அண்ணன் மறுத்தார். நானும் மறுத்தேன்.
4. மறுநாள் அண்ணனின் இயந்திரத்தின் முன்னால் முதலாளியின் மைத்துனர் நின்றிருந்தார். அண்ணனை மூட்டை தூக்கச் சொன்னார்கள்.

நன்னிலம் பக்கத்து ஆலை அது. அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், கறுத்துப்போன அரிசியைப் பிரித்துத் தள்ளும் இயந்திரத்தை ஓட்டினார். நான் டிப்ளமோ முடித்துப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். முதலாளி கடிந்து பேச மாட்டார். சம்பளமும் தேதி தவறாமல் வரும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அன்றும் கனிவாகத்தான் சொன்னார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம். அவசரத்துக்குக் கை கொடுக்க மாட்டீங்களா?"

அண்ணன் அலுவலக அறையைப் பார்த்தார். "குடும்பம்னா கணக்கரும் வரட்டுமே, முதலாளி. அவரு மட்டும் என்ன மாப்பிள்ளையா?"

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "அவருக்கு நடவு தெரியாதுப்பா. உங்களுக்கு அது ரத்தத்துல ஊறினது." பிறகு என்னிடம், "நீயும் வாம்மா. உங்க அம்மா நட்ட வயல்தானே" என்றார்.

நாங்கள் நால்வரும் ஒரே தெருக்காரர்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் வாழ்நாளில் நாற்றைத் தொட்டதில்லை. அவருடைய அப்பா கூலி உயர்வு கேட்டு அதே வயல் வரப்பில் கொடி பிடித்து நின்று அடி வாங்கியவர். மகன் அந்தச் சேற்றில் இறங்கக் கூடாது என்றுதான் படிக்க அனுப்பினார். என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் சான்றிதழ்களைப் பார்த்து வேலை கொடுத்த மனிதருக்கு, ஆள் பற்றாக்குறை வந்த ஒரே காலைப்பொழுதில் எங்கள் பெற்றோரின் முகம் மட்டும் தெரிந்தது. அது இன்றும் எனக்கு ஆறவில்லை. என்னை அவர் தண்டிக்கவில்லை. இயந்திரம் பழுதானால் பார்க்க வேறு ஆளில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் மூட்டை தூக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "கூடுதல் காசுக்கு ஓடிட்டான். இந்தக் காலத்துப் பசங்க ஒரு இடத்துல நிலைக்கிறதில்லை" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள்.

அண்ணன் இப்போது குத்தாலத்தில் ஓர் ஆலையில் அதே வகை இயந்திரத்தை ஓட்டுகிறார். நான் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசி வரை வேலைக்குப் போவேன். மற்ற இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். கூப்பிட்டால் நடவுக்கும் போகிறார்கள்.