மறியலுக்குத் தண்ணி லாரி அனுப்பியவன்

நேற்று காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வருகிற டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ரோட்டில் வரிசையாகக் காலிக் குடங்கள், பின்னால் பெண்கள். எட்டு நாளாகத் தண்ணி வரவில்லையாம். "எறங்கி டீ சாப்புடுங்க, ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் கண்டக்டர். எல்லாரும் இறங்கினார்கள், நான் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவனோ தூரத்தில் குப்பை கொளுத்தியிருக்கிறான், அதில் ஒரு டயர் கிடந்திருக்க வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், முழுசாக பி.இ. படித்தவன் நான்.

சின்ன வயதில் மறியல் என்றால் எனக்குத் திருவிழா. எங்கள் அத்தை ஒன்றுக்கு மூன்று குடமாக எடுத்துக்கொண்டு போகும். ஒன்று மறியலுக்கு, இரண்டு பிடிப்பதற்கு. எப்படியும் மத்தியானத்துக்குள் ஓர் அதிகாரி ஜீப்பில் வருவார், பின்னாலேயே தண்ணி லாரி வரும். லாரியைப் பார்த்ததும் கோஷம் நின்று குடச் சண்டை ஆரம்பிக்கும். மறியல் ஓவர். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நம்பிக்கொண்டு ஈராக் போய்ச் சேர்ந்தேன்.

பாஸ்ரா பக்கம் ஒரு சின்ன ஊர். எண்ணெய்க் கிணற்று ஆட்கள் தங்கும் கேம்பில் நான் சூப்பர்வைசர். தண்ணி லாரி ஓட்டியது காட்டுமன்னார்கோயில் ஸ்டீபன். வேலையில் அவன் எனக்குக் கீழே, மற்றபடி முதல் நாளே மச்சான் ஆகிவிட்டோம். ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு அவன் வாய்ஸ் நோட்டு அனுப்பும்போதெல்லாம் நான் குறுக்கே புகுந்து, 'ஒங்க அண்ணனுக்கு நான் கேரண்டி' என்று சவுண்டு விடுவேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஊர் வெயிலை எப்படிச் சொல்ல. கடலூரில் மே மாதம் மத்தியானம் பூட்டிய காருக்குள் உட்கார்ந்தால் கொஞ்சம் தெரியும். அதில் ஊர்க்காரர்களுக்குக் கரண்டு சில மணி நேரம்தான். குழாயில் உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காது. எங்கள் கேம்பிலோ ஜெனரேட்டர், ஏசி, தினமும் ஒரு லாரி நல்ல தண்ணி. வழியில் டீக்கடை வைத்திருந்த ஹைதருக்கு ஸ்டீபன் திருட்டுத்தனமாக ஒரு கேன் ஊற்றிவிட்டு வருவான். அந்தக் கடை டீ மட்டும் உப்புக் கரிக்காது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து போன்.

"மச்சான், ரோட்ட மறிச்சி ஒக்காந்துருக்காங்க. கரண்டுக்கும் தண்ணிக்கும்தான் போல. டயர் எரியுது. திரும்பிடவா?"

நான் ஏசிக்கு நேராகக் காலை நீட்டியிருந்தேன். "அட, நம்ம ஊரு மறியல்தான்டா. லாரிய கிட்ட கொண்டுபோயி வால்வத் தொறந்து உடு. ஆளுக்கு ரெண்டு கேன் புடிச்சா கலைஞ்சிடுவாங்க."

"அரபில சத்தம் போட்றானுவ மச்சான். எனக்கு ஒண்ணும் சரியா படல."

"நான் சொல்றேன்ல, போ."

அடுத்த போன் கால் மணி நேரம் கழித்து வந்தது. "கதவ ஒடைக்கிறாங்க மச்சான்" என்றான். அதோடு கட்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். கறுப்புப் புகை. எங்கள் கேட்டைத் தாண்டி ராணுவ வண்டிகள் அந்தப் பக்கமாகப் போயின. கொஞ்ச நேரத்தில் பட்டாசு மாதிரிச் சத்தம். பட்டாசுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், தீபாவளிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தும். கேட்டைத் திறக்கக் கூடாது என்று ஆர்டர். அவன் நம்பரை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போனது. நடுவில் அவன் தங்கச்சியிடமிருந்து மெசேஜ்: அண்ணன் போன் ஆஃப்ல இருக்கே, எங்க? நான் ஒரு தம்ஸ் அப் அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பு ஹைதரின் பைக் கேட்டுக்கு வந்து நின்றது. பின்னால் ஸ்டீபன், ஹைதரின் சட்டையில், காலில் செருப்பில்லாமல். ஹைதர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: 'அவன் நல்லவன் என்று நான் சொன்னேன்.' காட்டிவிட்டு உடனே வண்டியைத் திருப்பினார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

மெதுவாக ஸ்டீபனிடமிருந்து விஷயம் வந்தது. வால்வைத் திறந்திருக்கிறான். ஒருத்தரும் கேனை நீட்டவில்லை. தண்ணி பாட்டுக்கு ரோட்டில் ஓடியிருக்கிறது. தெளிந்த, உப்பில்லாத தண்ணி. தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காத தண்ணியைத்தான் அந்தக் கேம்ப் தினமும் குடிக்கிறது என்பதை நானே லாரி வைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அவர்கள் கேட்டது வீட்டுக் குழாயில் வரும் தண்ணி, தெருவில் ஊற்றும் தண்ணி இல்லை. கதவை உடைத்து இவனை இழுத்தபோது ஹைதர்தான் பாய்ந்து பிடித்துக் கடைக்குள் தள்ளி ஷட்டரை இறக்கியிருக்கிறார். ஷட்டர் இடுக்கு வழியாக லாரி எரிவதைப் பார்த்தானாம். அப்புறம் துப்பாக்கிச் சத்தம். அப்புறம் தெருவில் கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறான்.

தோளில் கை வைக்கப் போனேன். நகர்ந்துகொண்டான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் தொறந்தேன் சார்" என்றான்.

இருவரும் ஊர் திரும்பிவிட்டோம். அவன் இப்போது ரைஸ் மில் லாரி ஓட்டுகிறான். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் முகம் திருப்புவதில்லை, மரியாதையாக நின்று, "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்பான். நேற்று காலையும் கேட்டான். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முக்கால் மணி நேரத்தில் தண்ணி லாரி வந்தது. பெண்கள் எழுந்தார்கள், குடங்கள் முட்டிக்கொண்டன, யாரோ யாரையோ திட்டினார்கள், ரோடு திறந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். கடைசியாக ஏறிய ஒரு பையன் கீழே பார்த்து, "மச்சான், சீக்கிரம் ஏறுடா" என்று கூப்பிட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னை இல்லை.